கதவுக்குப் பின்னால் டீச்சர்

இதுவாம்மா? காலி தீப்பெட்டி. நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கும். உங்க காலுல இடிச்சா தள்ளி வச்சுக்கோங்க. நசுங்கினாலும் பரவாயில்ல, எங்க பக்கம் வேற எது கிடைக்குதோ இல்லையோ இது கிடைக்கும். ஆமா, டீச்சர்தான். நாலாப்பு, அஞ்சாப்பு. இருபத்தாறு வருஷ சர்வீஸ், அதுல இந்த ஒரே பள்ளிக்கூடத்துல பதினாலு. தினம் இதே ஏழு பத்து பஸ்சு. நீங்க கடைசி ஸ்டாப்பா? அப்பச் சரி. நான் அதுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னால இறங்கிருவேன்.

தீப்பெட்டி எதுக்குன்னு கேட்டீங்கல்ல. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். இன், ஆன், அண்டர், பிஹைண்ட், பிட்வீன். ப்ரிபொசிஷன்னு படிச்சிருப்பீங்க. நம்ம பாஷையில மேசை முதல்ல வரும், 'மேல' அப்புறம் வரும். மேசை மேல, பெட்டிக்குள்ள, கதவுக்குப் பின்னால. அவங்களுக்கு 'மேல' முந்திக்கணும். ஆன் த டேபிள். இது பிள்ளைங்க வாயில வரவே வராது. டேபிள் ஆன், பாக்ஸ் இன், இப்படித்தான் வரும். பதிமூணு வருஷம் போர்டுல எழுதிப்போட்டு, பத்துத் தடவை எழுதுங்கன்னு சொல்லித்தான் நடத்தினேன். அழகா எழுதுவாங்க. மறுநாள் கேட்டா டேபிள் ஆன்.

போன டிசம்பர்ல எங்களுக்கு ரெண்டு நாள் பயிற்சி வச்சாங்க. விளையாட்டு மூலமா இலக்கணம். நடத்தினது ஒரு சின்னப் பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும். எங்க எல்லாரையும் மேசைக்கு அடியில போகச் சொல்லிருச்சு. மூணு மாசத்துல ரிட்டயர் ஆகப்போற சார் ஒருத்தர், தவழ்ந்து உள்ள போய் 'ஐ ஆம் அண்டர் த டேபிள்'னு கத்தினார். வெளிய வரத் தெரியலை. ரெண்டு பேர் காலைப் பிடிச்சு இழுத்தோம். எல்லாரும் கேலி பண்ணாங்க. எனக்கு மட்டும் அது மனசுல ஒட்டிக்கிச்சு. நான் அப்படித்தான்மா. புதுசா ஒண்ணு நல்லதுன்னு பட்டா செஞ்சு பாத்துருவேன்.

தீப்பெட்டியும் புளியங்கொட்டையும் வச்சு ஆரம்பிச்சேன். ஆளுக்கொரு பெட்டி, ஒரு கொட்டை. நான் 'இன்'னு சொன்னா உள்ள போடணும், 'ஆன்'னு சொன்னா மேல வைக்கணும், 'அண்டர்'னா அடியில. தப்பா வச்சவங்க கொட்டையைப் பக்கத்துல இருக்கிறவங்க எடுத்துக்கலாம். நம்ப மாட்டீங்க, மூணே நாள்ல 'த சீட் இஸ் அண்டர் த பாக்ஸ்'னு அத்தனை பேரும் சொல்லுதுங்க. என் கிளாஸ்ல பிள்ளைங்க சிரிச்சு அப்பத்தான் பாத்தேன். எனக்கே வித்தியாசமா இருந்துச்சு. இவ்வளவு பல்லு விழுந்த பிள்ளைங்களா நம்ம கிளாஸ்லன்னு.

அப்புறம் நானே ஒரு விளையாட்டுக் கண்டுபிடிச்சேன். 'வேர் இஸ் டீச்சர்?' பிள்ளைங்க எல்லாம் கண்ணை மூடி பத்து வரைக்கும் எண்ணணும். நான் எங்கயாவது ஒளிஞ்சுக்குவேன். யாரும் எந்திரிச்சுத் தேடக்கூடாது, உக்காந்த இடத்துல இருந்தே சொல்லணும். 'டீச்சர் இஸ் பிஹைண்ட் த டோர்.' சரியாச் சொன்னா வெளிய வருவேன். 'டோர் பிஹைண்ட்'னு சொன்னா, அவங்க கண்ணுக்கு என் சேலை தெரிஞ்சாக்கூட வரமாட்டேன். வாக்கியம் சரியா வர்ற வரைக்கும் டீச்சர் வெளிய வரமாட்டாங்க. இதான் ரூல்.

நல்லாத்தான் போச்சு. அன்னமயில்னு ஒரு பிள்ளை, அப்ப நாலாப்பு. அவதான் முதல்ல சொல்லுவா, எப்பவும். வாய் ஓயாது அந்தப் பிள்ளைக்கு. நான் ஆஜர் எடுக்கும்போது பேசுவா, எழுதும்போது பேசுவா, ஒண்ணுக்குப் போகும்போது சுவத்துக்கிட்டப் பேசிக்கிட்டே போவா. அவங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல, ஃபாக்டரியை இங்க அப்படித்தான் சொல்லுவோம், லேபிள் ஒட்டுறவங்க. இந்தப் பிள்ளை இம்புட்டும் எங்க கத்துக்கிச்சோ தெரியாது. எனக்குன்னா சத்தம் ஆகாது. வீட்டுல எங்க வீட்டுக்காரருக்குக் காது மந்தம், காலையில டிவி போட்டா தெருவே கேக்கும். இங்க வந்தா இவ.

ஒண்ணு சொல்றேன், இந்த விஷயத்துல யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நான் பிள்ளைங்களை அடிக்க மாட்டேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு பிரம்பு வாங்கினதில்ல. ரொம்பச் சேட்டைன்னா, கிளாசை ஒட்டி ஒரு குட்டி ரூம் இருக்கு. பழைய பெஞ்சு, ஒடஞ்ச குளோபு, இலவசச் செருப்பு வந்த அட்டைப்பெட்டின்னு கிடக்கும். அதுல ஒரு அஞ்சு நிமிஷம் இருக்க வைப்பேன். அவ்வளவுதான். வெளிய தாழ்ப்பாள் போட கிளாஸ் லீடர், தங்கமாரின்னு அஞ்சாப்புப் பிள்ளை. யாராவது உள்ள போனா அவளே போய்ப் போட்டுருவா, நான் சொல்லக்கூட வேண்டாம். பொறுப்பான பிள்ளை. அடியா, உதையா? அஞ்சு நிமிஷம். ஜன்னல் கிடையாது, சரி. மேல ஒரு ஓட்டை இருந்துச்சு, புறா வருதுன்னு ஹெட்மாஸ்டர் சாக்கு வச்சு அடைச்சிட்டார். அதுக்கு நான் என்ன செய்ய?

அன்னமயில்தான் அதுல அதிகமாப் போவா. வாரத்துல ரெண்டு தடவை, மூணு தடவை. ஒரு தடவை மட்டும் மறந்துட்டேன். ட்ரான்ஸ்பர் கவுன்சிலிங் லிஸ்ட்டுல என் பேரு இல்லைன்னு போன் வந்துச்சு, பதிமூணாவது வருஷம். அந்த யோசனையில் இருந்துட்டேன். சாப்பாட்டு மணி அடிச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. தொறந்தா, பெட்டி மேல உக்காந்து தனக்குத்தானே பேசிக்கிட்டிருக்கா. அழலை, ஒண்ணுமில்ல. 'சாப்பிடப் போ'ன்னேன், போயிட்டா. அவளுக்கு அது பழகிருச்சு.

இப்ப அந்த நாளுக்கு வரேன். ஜனவரி, பொங்கல் முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்த வாரம். ஹெட்மாஸ்டர் சந்தானராஜ் சார் மீட்டிங் போயிட்டார். எங்களது ரெண்டு டீச்சர் பள்ளிக்கூடம்தான். அஞ்சு கிளாசும் என்கிட்ட. நாப்பத்தோரு பிள்ளைங்க. பத்தேகால் இருக்கும், சரி விளையாட்டு வைப்போம்னு கண்ணை மூடச் சொன்னேன். கதவுக்குப் பின்னால ஒளிஞ்சாச்சு, மேசைக்கு அடியில ஒளிஞ்சாச்சு, பீரோவுக்குப் பக்கத்துல ஒளிஞ்சாச்சு. இந்த உடம்பை வச்சுக்கிட்டு வேற எங்க ஒளிய? அந்தக் குட்டி ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.

'நைன், டென்'னு முடிச்சாங்க. அன்னமயில் குரல்தான் முதல்ல. 'வேர் இஸ் டீச்சர்?' நாப்பது பிள்ளைங்களும் ஒரே குரல்ல, 'டீச்சர் இஸ் இன் த ரூம்!' மறுபடி கேக்கிறா. 'வேர் இஸ் டீச்சர்?' 'டீச்சர் இஸ் பிஹைண்ட் த டோர்!' ஒரு தப்பு இல்லம்மா. ஒண்ணாப்புப் பிள்ளைகூடச் சரியாச் சொல்லுது. எனக்கு உள்ள நின்னுக்கிட்டே கண்ணு கலங்கிருச்சு. பதினாலு வருஷம். சரி, வெளிய போவோம்னு கதவைத் தள்ளப் போறேன், வெளிய டொக்குன்னு தாழ்ப்பாள் விழுந்துச்சு.

விளையாட்டுக்குப் போட்டிருக்காங்கன்னு நினைச்சு, 'ஓப்பன் த டோர்'னேன். ஒரே சிரிப்பு. 'அஞ்சு நிமிஷம் டீச்சர்!'னு தங்கமாரி. எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு. சரி, பிள்ளைங்கதானேன்னு இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, 'போதும், தொற'ன்னேன். அப்பத்தான் சத்தம் மாறுது. இழுக்கிறாங்க, வரலை. பழைய இரும்புத் தாழ்ப்பாள், எட்டாதுன்னு தங்கமாரி பெஞ்சு மேல ஏறி, இறங்கலைன்னு கல்லை வச்சுத் தட்டிப் போட்டிருக்கா. இறுகிருச்சு. நாலு பேரு தொங்கினாங்க. அசையலை.

'யாராவது ஊருக்குள்ள ஓடிப் போய் ஆளைக் கூட்டிட்டு வாங்க'ன்னு கத்தினேன். தங்கமாரி சொல்றா, 'கேட்டைத் தாண்டினா டீசி கொடுத்துருவேன்னு சொல்லியிருக்கீங்க டீச்சர்.' நான்தான் சொன்னேன், ரோட்டுல சிமெண்ட் லாரி போகும், பிள்ளைங்க பத்திரத்துக்குச் சொன்னேன். 'இப்பப் போங்கடி'ன்னா, 'மெய்யாவா டீச்சர், மெய்யாவா டீச்சர்'னு மூணு தடவை கேக்குதுங்க. என் போனு மேசை மேல சார்ஜ்ல கிடக்கு. அதை எடுத்துப் பேசுங்கன்னா எடுக்க மாட்டேங்குதுங்க. மேசையைத் தொடக்கூடாதுல்ல. தொட்டாலும் போன் லாக்கை எடுக்கத் தெரியாது. கடைசியில அஞ்சாப்புப் பிள்ளைங்க ரெண்டு பேர் போனாங்க. எங்க பள்ளிக்கூடம் ஊருக்கு வெளிய, ஒரு கிலோமீட்டர். ஊருல அந்நேரம் யாரு இருப்பா? வேன் வந்து எல்லாரையும் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏத்திட்டுப் போயிரும். 'கண்ணு தெரியாத தாத்தா ஒருத்தர்தான் டீச்சர் இருக்கார், கூட்டிட்டு வரவா?'ன்னு திரும்பி வந்து கேக்குதுங்க. மதியச் சாப்பாடு பக்கத்து ஊர்ல சமைச்சு ஆட்டோவுல வரும், பன்னெண்டரைக்கு. அது வரைக்கும் ஒரு மனுஷ நடமாட்டம் கிடையாது.

எனக்குச் சுகர் இருக்கும்மா. காலையில ஆறு மணிக்கு மாத்திரை போட்டு ரெண்டு இட்லி. பதினோரு மணி இன்டர்வெல்லுக்கு ஏதாவது வாயில போட்டுருவேன், இல்லைன்னா கை நடுங்கும். டிபன் பாக்ஸ் வெளிய இருக்கு. உள்ள ஒரே இருட்டு, காத்து இல்ல. வேர்க்க ஆரம்பிச்சிருச்சு. ஜனவரி மாசத்துல வேர்க்குது. கதவைத் தட்டினேன், கத்தினேன், என்னென்ன சொன்னேனோ தெரியாது. பிள்ளைங்க பயந்து அழுதுதுங்க. அழுதுக்கிட்டே எல்லாம் போய் அவங்கவங்க இடத்துல உக்காந்துக்கிட்டாங்க, கை கட்டி. டீச்சருக்குக் கோவம் வந்தா அப்படித்தான் உக்காரணும்னு.

ஒரே ஒரு குரல் மட்டும் கதவுக்குக் கீழ இருந்து வருது.

'டீச்சர், நின்னுக்கிட்டுக் கத்தாதீங்க. தலை சுத்தும். கீழ உக்காந்து, கதவுக்கு அடியில மூஞ்சிய வச்சுக்கோங்க. அங்கதான் காத்து வரும்.'

அன்னமயில். கதவுக்கும் தரைக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை சந்து இருக்கும், அதுல வாயை வச்சுப் பேசறா.

'உனக்கு எப்படிடி தெரியும்?'

'தெரியும் டீச்சர். செருப்பு அட்டை இருக்குல்ல, அதை விரிச்சுக்கிட்டுப் படுங்க. தரை சில்லுன்னு இருக்கும். மூலையில ஏதாவது சத்தம் கேட்டா பல்லிதான், நம்ம பக்கம் வராது.'

படுத்தேம்மா. ஐம்பத்தோரு வயசுல, அத்தனை பிள்ளைங்க வெளிய உக்காந்திருக்க, தூசியில. காத்து வந்துச்சு, உண்மைதான். கண்ணுக்கு இருட்டுப் பழகினப்புறம் கதவோட உள்பக்கம் பாத்தேன். அடியில, பிள்ளைங்க உக்காந்தா கை எட்டுற உயரத்துல, கோடு கோடாக் கீறியிருக்கு. நாலு கோடு, குறுக்க ஒண்ணு. நாலு கோடு, குறுக்க ஒண்ணு. எலி பறண்டியிருக்கும்னு நினைச்சேன். எலி அப்படி எண்ணிப் பறண்டுமான்னு கேக்கிறீங்களா? எனக்கென்னம்மா தெரியும்.

'கை நடுங்குதுடி'ன்னேன். ஏன் ஒரு பச்சைப்பிள்ளைகிட்ட அதைச் சொன்னேன்னு தெரியலை. 'என் டிபன் பாக்ஸை எடுத்துத் தொற'ன்னேன். இட்லியை அந்தச் சந்துல தள்ளினா பிஞ்சு பிஞ்சு மண்ணாப் போகுது. அப்புறம் ஒரு கடலை மிட்டாய் வந்துச்சு. தட்டையா, ஒரு பக்கம் கடிச்சது. யாரு பையில இருந்ததோ. 'மண்ணை ஊதிட்டுத் தின்னுங்க டீச்சர்'னா. தின்னேன். அதுதான் அன்னிக்கு என்னைக் காப்பாத்துச்சுன்னு டாக்டர் அப்புறம் சொன்னார்.

'தூங்கிறாதீங்க டீச்சர், நான் பேசிட்டே இருக்கேன்'னா. பேசினா. ஒரு மணி நேரத்துக்கு மேலம்மா. என்னென்னமோ பேசினா. லேபிள் ஒட்டுற பசையில எறும்பு விழுந்த கதை, அவங்க மாமா கல்யாணத்துல கரண்ட் போன கதை. அவங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சாம். ஒண்ணுக்குக் காலு வளைஞ்சு நிக்கவே முடியலையாம். எல்லாரும் வித்துறலாம்னு சொல்ல, இவ தீப்பெட்டி அட்டையை மடிச்சு வச்சு, துணியால காலைக் கட்டினாளாம். 'நடந்துச்சாடி?'ன்னு கேட்டேன். 'இருங்க டீச்சர், அங்கதான் வரேன்'னா.

அந்நேரம் ஆட்டோ வந்துருச்சு. சாப்பாடு கொண்டு வர்ற பொன்னையா அண்ணாச்சி. குழம்பு வாளியைக் கீழ வச்சிட்டு, கல்லை எடுத்து நாலு தட்டுத் தட்டினார். தொறந்துச்சு.

வெளிய வந்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்துது. சேலையெல்லாம் மண்ணு, தலை கலைஞ்சு, மூஞ்சியெல்லாம் கோடு. அண்ணாச்சி வேற ஒரு ஆம்பளை, என்னை அப்படிப் பாத்துக்கிட்டு நிக்கார். கதவு பக்கத்துல அன்னமயில் நிக்கிறா, என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு. சிரிச்சாம்மா. அதுல எனக்குக் கை பட்டிருச்சு. கன்னத்துல. பலமா இல்ல. கை பட்டிருச்சு, அவ்வளவுதான். சுகர் இறங்கியிருந்தா மனுஷனுக்கு நிதானம் இருக்காதுன்னு நீங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க. தாழ்ப்பாள் போட்டது அவ இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரியாமலா? பக்கத்துல நின்னது அவ.

அண்ணாச்சி ஊருல போய்ச் சொல்லிட்டார். ஒரு வாரத்துல எங்க கல்வி அதிகாரி, பி.இ.ஓ. மேடம், விசாரணைக்கு வந்துட்டாங்க. சந்தானராஜ் சார் பாவம், 'பிள்ளைகள் விளையாட்டில் தவறுதலாக'ன்னு அழகா ஒரு கடிதம் எழுதி வச்சிருந்தார். அன்னமயிலோட அம்மாவைக் கூப்பிட்டாங்க. அரைநாள் லீவு சொல்லிட்டு வந்திருந்தாங்க, விரலெல்லாம் பசை. 'கை பட்டிருக்கும் மேடம், டீச்சர் நல்லவங்கதான்'னாங்க. பாருங்க, அவங்களே சொன்னாங்க. கை பட்டிருக்கும்னு. அப்புறம் பிள்ளையைக் கேட்டாங்க. 'பயப்படாமச் சொல்லு கண்ணு, டீச்சர் அடிச்சாங்களா?' அன்னமயில் என்னைப் பாத்தா. நானும் அவளைப் பாத்தேன். சும்மாதான் பாத்தேன். பாக்கக் கூடாதா? இல்லைன்னு தலையாட்டினா. கையெழுத்துப் போட்டோம், முடிஞ்சுது. மேடம் அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டச் சொல்லிட்டாங்க, அன்னிக்கே கழட்டியாச்சு.

அதோட முடிஞ்சிருக்கணுமா இல்லையா? அந்த நாள்ல இருந்து அந்தப் பிள்ளை பேசலை. ஆஜர் கூப்பிட்டா கையைத் தூக்குவா. கேள்வி கேட்டா எந்திரிச்சு நிப்பா, உக்காருன்னா உக்காருவா. எழுதுவா, எல்லாம் சரியா எழுதுவா. வாயைத் தொறக்க மாட்டா. கிளாஸ் அமைதியாத்தான் இருக்கு, நான் கேட்ட மாதிரியே இருக்கு. எனக்கு அதுல பாடம் நடத்த முடியலை. 'ஆட்டுக்குட்டி நடந்துச்சாடி?'ன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். தரையைப் பாப்பா.

அவங்கம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு, டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு. 'வீட்டுல நல்லாத்தான டீச்சர் பேசறா'ன்னாங்க. நான் நம்பலை. எந்தத் தாய் தன் பிள்ளைக்குக் குறைன்னு ஒத்துக்குவா? பயந்து மறைக்கிறாங்கன்னு நினைச்சேன். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் பேரு, போன் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

மே மாசம் கவுன்சிலிங்ல என் பேரு வந்துச்சு. பதினாலு வருஷம் கழிச்சு. எங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம். வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் என்கிட்டப் பேசலை. அந்தப் பிள்ளைக்காகன்னு நினைச்சுறாதீங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல மாடிப்படி இருக்கு, எனக்கு முழங்கால் வலி. அதுவும் போக இந்தப் பஸ் பழகிருச்சு.

போன மாசம் அவங்கம்மா வந்து டீசி கேட்டாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை கிடைச்சிருச்சாம், குடும்பத்தோட போறாங்களாம். சந்தானராஜ் சார் நீண்ட லீவு, நான்தான் பொறுப்பு. நாளைக்கு வாங்கன்னேன். மறுநாள் சீல் இல்லைன்னேன். அதுக்கடுத்து ஆன்லைன்ல ஏறலை, சர்வர் வேலை செய்யலைன்னேன். சர்வர் வேலை செஞ்சுது. மூணு வாரம் இப்படி. நடுவருஷத்துல புதுப் பள்ளிக்கூடம்னா ஒரு பேசாத பிள்ளை என்ன பாடுபடும், சொல்லுங்க. அங்க யாருக்கு அவளைத் தெரியும்? இங்கன்னா நான் இருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் இருந்தா பேசிருவான்னு பட்டுச்சு. அவ நல்லதுக்குத்தான்.

நேத்து அந்த அம்மா மூட்டை முடிச்சோட வந்துட்டாங்க. சாயங்காலம் பஸ்சு, டிக்கெட் எடுத்தாச்சு. காலையில இருந்து பள்ளிக்கூட வராந்தாவுல உக்காந்திருக்காங்க, ஒரு வார்த்தை கோவமாச் சொல்லலை. 'முடிஞ்சா கொடுங்க டீச்சர்.' மதியம் சாப்பாடு வந்துச்சு, அவங்களும் பிள்ளையும் ஒரே தட்டுல சாப்பிட்டாங்க. மூணு மணி வரைக்கும் பாத்தேன். அதுக்கு மேல என்னால முடியலை. புஸ்தகத்தை எடுத்து எழுதினேன். பேரு, பிறந்த தேதி, மச்சம். 'நடத்தை'ன்னு ஒரு கட்டம் வரும். ரொம்ப நேரம் பேனாவை வச்சுக்கிட்டு இருந்தேன். 'நன்று'ன்னுதான் எல்லாருக்கும் போடுவோம். 'மிக நன்று'ன்னு போட்டேன்.

கையில கொடுத்துட்டு, 'அன்னமயில், டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ'ன்னேன். அவங்கம்மாவும் தோளைத் தட்டி, 'போயிட்டு வரேன்னு சொல்லும்மா'ங்கிறாங்க. பிள்ளை அம்மா சேலையையே பாத்துக்கிட்டு நிக்குது. நான் குனிஞ்சேன். அவ உயரத்துக்குக் குனிஞ்சு, 'திட்டவாவது செய்யேன்டி'ன்னேன். அவங்கம்மா பதறிப் போயி, 'ஐயோ என்ன டீச்சர் நீங்க'ன்னு பிள்ளையை இழுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

கேட்டைத் தாண்டினாங்க. எங்க காம்பவுண்டுச் சுவரு ஆள் உயரம் இருக்கும். ரோடு அதை ஒட்டியே போகும். நான் அங்கயேதான் நிக்கிறேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேக்குது.

பேசறாம்மா. அன்னமயில். ஜன்னல் சீட்டு எனக்குத்தான்னு சொல்றா. திருப்பூர்ல ஊஞ்சல் இருக்கான்னு கேக்கிறா, பதிலுக்கு நிக்காம அடுத்தது கேக்கிறா. பஸ்சு ராத்திரி நிக்குமா, டிரைவருக்குத் தூக்கம் வந்தா யாரு ஓட்டுவா, பனியன் எப்படிம்மா உருளையா வருது, தையலே இல்லாம? அவங்கம்மா 'உம்', 'உம்'ங்கிறாங்க. அதே குரல். ஒண்ணும் ஆகலை அந்தக் குரலுக்கு. அந்தக் கதவுச் சந்துல கேட்டேனே, அதே வேகம்.

அவங்க வெளிய நடக்க நடக்க நான் உள்பக்கமாவே நடந்தேன். பைப்படி, வேப்பமரம், கக்கூசு. அந்த மூலையோட சுவரு முடிஞ்சு போகுது. அங்க நின்னுக்கிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுச்சு, அப்புறம் ஒரு லாரி வந்துச்சு. லாரி போனப்புறம் கேக்கலை.

வீட்டுல நல்லாத்தான் பேசறான்னு அந்த அம்மா சொன்னது மெய்யிதான். ஒன்பது மாசம், பிள்ளை எல்லார்கிட்டயும் பேசியிருக்கா.

கிளாசுக்குத் திரும்பி வந்தேன். நான் இல்லாத அத்தனை நேரமும் ஒரு பிள்ளை அசையலை. கை கட்டி, நேரா உக்காந்திருக்கு, ஒண்ணாப்பு முதக்கொண்டு. ஒரு குண்டூசி விழுந்தாக் கேக்கும்.

'பேசுங்க'ன்னேன்.

ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

'பேசுங்கப்பா. என்ன வேணா பேசுங்க. சத்தமாப் பேசுங்க.'

எல்லாரும் குனிஞ்சு, பையில இருந்து புஸ்தகத்தை எடுத்து விரிச்சுக்கிட்டாங்க.